ஒப்படைத்த பிறகு கேட்கும் கூலி

கம்பைநல்லூர்ப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவருக்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள். ஒருவர் விவசாயி. தருமபுரி மழை குறைந்த மாவட்டம். ஆழ்துளைக் கிணற்றை நம்பித்தான் பாதி வெள்ளாமை. மோட்டார் எரிந்துபோனால் பயிர் வாடிவிடும் என்பதால், நகையை அடகு வைத்தாவது பணத்தைக் கட்டி மோட்டாரை எடுத்துப் போகிறார். இன்னொருவர் ஆலை, தனியார் பள்ளி, கல்யாண மண்டபம், லாட்ஜ், கட்டடக் கான்ட்ராக்டர் என்று யாராகவும் இருக்கலாம். அங்கிருந்து வரும் ஆள், "பில் போட்டுக் குடுத்துடுங்க, ஆபீஸ்ல செக் போட்டுடுவாங்க" என்று சொல்லி மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொள்கிறார். பணம் வர மூன்று மாதமும் ஆகும், ஆறு மாதமும் ஆகும். இல்லாதவர் கைமேல் காசு தருகிறார். இருப்பவர் கடன் சொல்கிறார். நிலுவைத் தொகை பற்றிய எந்த ஆய்வும் இந்த உண்மையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. வணிக வாடிக்கையாளர் தாமதிப்பது பெரும்பாலும் பணம் இல்லாததால் அல்ல. வங்கித் தவணை தவறினால் அபராதம் உண்டு, மின்கட்டணம் தவறினால் இணைப்பு போகும், ஆட்களுக்கு வாரக் கூலி தவறினால் வேலை நின்றுவிடும். வெல்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் காயில் கட்டுபவருக்கும் தர வேண்டியதைத் தள்ளிப்போட்டால் மட்டும் உடனே எதுவும் நடப்பதில்லை. எனவே வரிசையில் கடைசி இடம் அவர்களுக்குத்தான்.

அந்தக் கடைசி இடத்துக்கு என்ன விலை என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பில் 50,000 ரூபாய் என்று வையுங்கள். செப்புக் கம்பி, பேரிங், வார்னிஷ், ஆள் கூலி எல்லாம் வேலை முடிவதற்குள் கையை விட்டுப் போய்விடும். அதற்கு வட்டிக்கு வாங்கியிருந்தால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்பது கிராமப்புறத்தில் அதிசயமான வட்டி அல்ல. 50,000 ரூபாய் ஆறு மாதம் வெளியே நின்றால் வட்டி மட்டும் 9,000. பட்டறைக்காரர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் இன்னொரு சுமையும் சேரும். பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதமே கட்ட வேண்டும். வாடிக்கையாளர் பணம் தந்தாரா என்று அரசு பார்ப்பதில்லை. 18 விழுக்காடு என்றால் அந்த பில்லுக்கு இன்னொரு 9,000 ரூபாய் தன் கையிலிருந்து. ஆறு மாதம் கழித்து முழுத் தொகையும் வந்தால்கூட, உழைப்பில் மிஞ்ச வேண்டியது வட்டிக்கடைக்குப் போயிருக்கும். வராத பணத்தை மட்டும் நட்டம் என்று எழுதுகிறோம். தாமதமாக வந்த பணமும் நட்டந்தான் என்பதை எந்த நோட்டும் காட்டுவதில்லை.

இந்தியச் சட்டம் இதை அறியாமல் இல்லை. சிறு தொழில்களுக்குத் தாமதமாகத் தரும் தொகைக்கு வட்டி கட்ட வேண்டும் என்று 1992இல் அவசரச் சட்டமும், 1993இல் முழுச் சட்டமும் வந்தன. அதன் இடத்தை 2006 அக்டோபர் 2 முதல் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் எடுத்துக்கொண்டது. அதன் 15ஆம் பிரிவு சொல்வது எளிது. எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். ஆனால் எந்த ஒப்பந்தமும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 90 நாள் கடன் என்று எழுதி வாங்கிக்கொண்டாலும் அது செல்லாது. கெடு தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதத்துக்கு மாதம் கூடும் கூட்டு வட்டி. 2023 பிப்ரவரியிலிருந்து 2025 பிப்ரவரி வரை வங்கி விகிதம் 6.75 விழுக்காடாக இருந்தது. மூன்று மடங்கு 20.25. ஒரு லட்ச ரூபாய் ஓராண்டு நின்றால் சுமார் 22,200 ரூபாய் வட்டி. தனியார் வட்டிக்கடையை எட்டாவிட்டாலும் வங்கிக் கடனைவிட இது கடுமையானது. இந்த வட்டியை வாடிக்கையாளர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகவும் காட்ட முடியாது.

தகராறு வந்தால் மாநில அரசு அமைத்த வசதியாக்க மன்றத்திடம் போகலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய ஊர்களில் இந்த மன்றங்கள் அமைந்தன. விண்ணப்பத்தை இணையத்திலேயே தரலாம். 2017 அக்டோபரில் ஒன்றிய அரசு 'சமாதான்' தளத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். மன்றம் முதலில் சமரசம் பேசும். முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. தொண்ணூறு நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். தீர்ப்பை எதிர்த்து வாடிக்கையாளர் நீதிமன்றம் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும். உலகத்தின் பல சட்டங்களோடு ஒப்பிட்டால் இது சிறு தொழிலாளிக்கு மிகவும் சாதகமான சட்டம். பிரிட்டனில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி தாமத வட்டி, அந்நாட்டு மத்திய வங்கியின் அடிப்படை விகிதத்துக்கு மேல் 8 விழுக்காடுதான். அதோடு பில் அளவைப் பொறுத்து 40, 70 அல்லது 100 பவுண்டு நட்ட ஈடு.

பிறகு ஏன் கம்பைநல்லூரில் பாக்கி வசூலாவதில்லை?

முதல் காரணம், சட்டத்தின் வாசல் பட்டறைக்காரர் நினைப்பதைவிடக் குறுகலானது. சிறு தொழில் என்பதற்கான உத்யம் பதிவு வேண்டும். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கும் பதிவுதான்; ஆனால் எப்போது பெற்றோம் என்பது முக்கியம். வேலை முடித்துப் பணம் வராமல் போன பிறகு பதிவு செய்தால், அந்தப் பழைய பாக்கிக்கு இச்சட்டத்தின் பயன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கிலும், 2022 அக்டோபரில் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கிலும் சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் இன்னொரு அமர்வு அந்தக் கருத்தை ஏற்கத் தயங்கி, கேள்வியை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. நீதிமன்றத்தில் கேள்வி எப்படி முடிந்தாலும், பட்டறைக்காரருக்குப் பாதுகாப்பானது முதல் பில்லுக்கு முன்பே பதிவெண்ணை வாங்கி பில்லின் தலையில் அச்சிடுவதுதான். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு 2021 முதல் உத்யம் பதிவு கிடைத்தாலும், அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டுந்தான். தாமதக் கட்டண விதி அவர்களுக்குப் பொருந்தாது. பொருளும் கூலியும் சேர்ந்த ஒப்பந்த வேலைகளில் இன்னொரு சிக்கல். ஷெட் போட்டவர், மண்டபத்துக்கு முழு வயரிங் செய்தவர் மன்றத்துக்குப் போனால், "இது பணி ஒப்பந்தம், இச்சட்டத்தில் வராது" என்று எதிர்த்தரப்பு வாதிடும். பல உயர் நீதிமன்றங்களில் இந்த வாதம் எடுபட்டிருக்கிறது.

ஆனால் இவையெல்லாம் இரண்டாம் தரக் காரணங்கள். முதன்மையான காரணம் ஊரின் அளவு. கம்பைநல்லூர் ஒரு பேரூராட்சி. சென்னையில் ஒரு வாடிக்கையாளரை இழந்தால் இன்னொரு தெருவில் இன்னொருவர். இங்கே நிலையான வேலை தரும் நிறுவனங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர்மீது மனுப் போட்டால் அவருடைய வேலை மட்டும் போவதில்லை. "கேஸ் போடறவன்" என்ற பேச்சு ஊர் முழுக்கப் போகும். பள்ளித் தாளாளர் பட்டறைக்காரரின் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை தந்திருப்பார். மண்டப முதலாளி சொந்தத்தில் அண்ணன் முறை ஆவார். எனவே போகும்போதெல்லாம், "வாங்கண்ணா, டீ சாப்பிடுங்க. அடுத்த வாரம் கட்டாயம் பாத்துடலாம்" என்ற பதிலோடு திரும்பி வருகிறார். சட்டம் அவரிடம், உன் வாடிக்கையாளர்மீது நீயே புகார் கொடு என்கிறது. நலிந்தவர் வலியவரைக் குற்றம் சாட்டினால் மட்டுமே நகரும் சட்டம், நகர்ப்புறத் தொழிற்பேட்டையில் ஓரளவு வேலை செய்யலாம். பேரூரில் அது அலமாரியில்தான் இருக்கும்.

இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டதாகத் தோன்றும் ஒரே விதி, வருமான வரிச் சட்டத்தில் 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் சேர்த்த 43பி பிரிவின் ஹெச் கூறு. 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டியதை 15 அல்லது 45 நாள் கெடுவுக்குள் தராவிட்டால், பணம் உண்மையில் தரப்படும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். யாரும் புகார் தர வேண்டாம். ஆடிட்டரே முதலாளியிடம் கேட்பார். எந்த மனுவும் இல்லாமல் மார்ச் மாதக் கடைசியில் பழைய பாக்கிகள் திடீரென்று வரத் தொடங்கியதற்கு இதுதான் காரணம். இதற்கும் ஓட்டைகள் உண்டு. மே மாத பில்லை டிசம்பரில் தந்தால், அதே நிதியாண்டுக்குள் தந்துவிட்டதால் வாடிக்கையாளருக்கு எந்த நட்டமும் இல்லை. வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை நடத்தும் பள்ளிக்கு இந்த விதி பெரிய அச்சம் தராது. இந்தச் சிக்கலே வேண்டாம் என்று பதிவில்லாதவரிடம் வேலையைக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இருந்தும் என் கணிப்பில் கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தத் துறையில் வந்த மிகப் பயனுள்ள விதி இதுவே. புகார் தரும் சுமையை நலிந்தவர் தோளிலிருந்து இது இறக்கி வைக்கிறது.

சட்டம் இவ்வளவுதான் செய்யும் என்றால், பட்டறைக்காரரின் உண்மையான பலம் எங்கே இருக்கிறது? மோட்டார் பட்டறையில் இருக்கும் வரை இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு இதை நேராகச் சொல்கிறது. ஒருவர் தந்த பொருளின்மீது உழைப்போ திறமையோ செலுத்தி வேலை செய்தவர், அதற்கான கூலி கிடைக்கும் வரை அந்தப் பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். அந்தப் பிரிவின் எடுத்துக்காட்டுகளே பட்டறைகளிலிருந்து எடுத்தவைதான். பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி வரும் வரை பொற்கொல்லர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தைத்தவுடன் கோட்டைத் தருகிறேன், பணத்தை மூன்று மாதம் கழித்துத் தாருங்கள் என்று சொன்ன தையற்காரருக்கு அந்த உரிமை கிடையாது. இரண்டாவது எடுத்துக்காட்டைத்தான் நம் ஆட்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். "பரவாயில்ல, அப்புறம் குடுங்க" என்று வாயால் சொன்ன அந்த நொடியில் உரிமை போய்விடுகிறது.

இந்த உரிமைக்கு எல்லையும் உண்டு. வேலையைச் சொன்னபடி, நியாயமான காலத்துக்குள் முடித்திருக்க வேண்டும். இந்த மோட்டாரை இந்த மோட்டாரின் கூலிக்காக மட்டுமே நிறுத்தி வைக்கலாம். போன வருடத்துப் பாக்கிக்காக இப்போது வந்த மோட்டாரைப் பிடித்து வைக்கச் சட்டம் இடம் தராது. பழைய பாக்கி இருப்பவரிடம், பழையதைத் தீர்க்காமல் புது வேலையை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லலாம். அது எல்லாருக்கும் உள்ள சுதந்திரம்.

வெல்டருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. கேட்டைச் சுவரில் பதித்த பிறகு அது வாடிக்கையாளரின் சொத்து. பணம் வரவில்லை என்று இரவில் போய் அறுத்துக்கொண்டு வந்தால் வழக்கு வெல்டர்மீதுதான் வரும். அவருடைய பாதுகாப்பு கட்டம் கட்டமாகப் பணம் வாங்குவதில் இருக்கிறது. பொருள் வாங்கும் தொகையை முன்பணமாக, பாதி வேலையில் ஒரு தொகை, பதிக்கும் நாளில் மீதி. இரும்புக் கடைக்காரர் கடன் தர மாட்டார் என்று வெளிப்படையாகச் சொல்லி முன்பணம் கேட்பதில் எந்த இழிவும் இல்லை. கான்ட்ராக்டர்களே அரசிடம் இப்படித்தான் பகுதி பில் வாங்குகிறார்கள்.

ஒப்படைத்துவிட்டோம், இனிமேல் என்ன? காகிதம்தான். வேலையை ஒப்படைக்கும்போது டெலிவரி சலானில் தேதி போட்டுக் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் வாங்குவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. 15 நாளும் 45 நாளும் எண்ணத் தொடங்குவது அந்தத் தேதியிலிருந்துதான். ஒப்படைத்த 15 நாளுக்குள் வாடிக்கையாளர் எழுத்தில் குறை சொல்லவில்லை என்றால், வேலையை ஏற்றுக்கொண்டதாகவே 2006 சட்டம் கொள்ளும். ஆறு மாதம் கழித்து, "அன்னிக்கே வேலை சரியில்லன்னு சொன்னேனே" என்ற பேச்சுக்கு அந்தச் சலான்தான் பதில்.

வாடிக்கையாளரின் சொந்தக் கணக்கே பட்டறைக்காரருக்குச் சாட்சி சொல்லும் இரண்டு இடங்கள் உண்டு. இவற்றைப் பலர் பயன்படுத்துவதில்லை. ஒன்று, டிடிஎஸ். நிறுவனங்கள் ஒப்பந்த வேலைக்கான தொகை ஒரே பில்லில் 30,000 ரூபாயையோ, ஆண்டில் மொத்தமாக ஒரு லட்சத்தையோ தாண்டினால், தனிநபருக்கு 1 விழுக்காடு வரி பிடிக்க வேண்டும். பணம் தராவிட்டாலும் கணக்கில் வரவு வைத்தவுடனே பிடிக்க வேண்டும் என்பதுதான் விதி. எனவே, "அந்த பில்லே எங்களுக்கு வரல" என்று சொல்பவரின் பெயரில் உங்கள் 26ஏஎஸ் படிவத்தில் வரி பிடித்த பதிவு இருந்தால், பில் அவர்கள் கணக்கில் ஏறிவிட்டது என்பதற்கு அது வலுவான சான்று. இரண்டாவது, ஜிஎஸ்டி. உங்கள் பில்லைக் காட்டி வாடிக்கையாளர் உள்ளீட்டு வரிச் சலுகை எடுத்திருப்பார். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தரவில்லை என்றால், அந்தச் சலுகையை அவர் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். நூற்று ஐம்பதாம் நாளில் அவருடைய கணக்காளருக்கு அமைதியாக ஒரு கடிதம் எழுதி இதை நினைவூட்டினால், முதலாளியிடம் நடையாய் நடப்பதைவிடப் பலன் அதிகம். கணக்காளருக்குத்தான் அந்தத் தேதியின் பொருள் தெரியும்.

செக் கொடுத்து அது திரும்பிவிட்டால் நாட்களை எண்ணி நடக்க வேண்டும். வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்பு. அது கிடைத்ததிலிருந்து அவருக்கு 15 நாள் அவகாசம். அப்போதும் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, செக்கை வாங்கித் தன் கணக்கில் போட்டவரின் வங்கிக் கிளை எங்கே இருக்கிறதோ அந்த எல்லையில்தான் வழக்கு. ஓசூர் நிறுவனமோ பெங்களூரு நிறுவனமோ தந்த செக்காக இருந்தாலும், உங்கள் கணக்கு தருமபுரி மாவட்டத்தில் இருந்தால் வழக்கும் இங்கேதான் நடக்கும்.

காலக்கெடுவையும் மறக்கக் கூடாது. செய்த வேலைக்கான கூலி கேட்டுச் சிவில் வழக்குப் போட, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. அதற்குள் வாடிக்கையாளர் கையெழுத்திட்டு, இவ்வளவு பாக்கி என்று ஒரு வரி எழுதித் தந்தால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு. வசதியாக்க மன்றத்தின் சமரசப் பேச்சுக்கு இந்தக் கெடு தடையல்ல, நடுவர் தீர்ப்புக்குத் தடைதான் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. உறவுக்காகப் பொறுத்துப் பொறுத்து நான்காம் ஆண்டில் வக்கீலைத் தேடுபவர், தன் பொறுமையாலேயே உரிமையை இழந்திருப்பார். வழக்கு என்ற சொல்லுக்கே அஞ்சுகிறவர்களுக்கு ஒரு நடுவழி இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகத் தந்து மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். உத்யம் பதிவு தேவையில்லை. நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே ஏற்படும் உடன்பாடு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. நீதிபதி முன்னிலையில் உட்கார்ந்து பேசினோம் என்பதில் இருதரப்பு மானமும் காப்பாற்றப்படுகிறது. கம்பைநல்லூர் போன்ற ஊருக்கு இதுவே மிகப் பொருத்தமான வழி என்பது என் முடிவு.

பக்கத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்திலேயே பாலக்கோட்டிலும், அரூர் அருகே கோபாலபுரத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கரும்பு வெட்டி ஒப்படைத்த 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. தமிழ்நாட்டு ஆலைகள் இதை மீறிய காலங்கள் பல. ஆனால் கரும்பு நிலுவை சட்டமன்றத்தில் பேசப்படுகிறது, ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்தில் எழுப்பப்படுகிறது, அரசு நிதி ஒதுக்கித் தீர்க்கிறது. காரணம், கேட்பது சங்கம். எந்த விவசாயியும் தனியாக ஆலையைப் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வெல்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் காயில் கட்டுபவருக்கும் அப்படிக் கேட்க ஆள் இல்லை.

ஆகவே அரசிடம் கேட்க வேண்டியவை இரண்டு. வசதியாக்க மன்றம் பெருநகரங்களில் மட்டும் அமராமல், குறிப்பிட்ட நாட்களில் தருமபுரியிலேயே அமர வேண்டும்; மாவட்டத் தொழில் மையம் இங்கே இருக்கும்போது அதற்கு இடமும் ஆளும் தேட வேண்டியதில்லை. தனிநபருக்குப் பதிலாகத் தொழிற்சங்கமோ வணிகர் சங்கமோ பல உறுப்பினர்களின் பாக்கியைச் சேர்த்து ஒரே மனுவாகத் தர வழி வேண்டும். அப்போதுதான், மனுப் போட்டது யார் என்ற கேள்வியே எழாது.

பள்ளியோ ஆலையோ மண்டபமோ நடத்துகிறவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அவரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் அலுவலகக் கோப்பில் 45 நாள் தாண்டிய பட்டறை பில்கள் எத்தனை இருக்கின்றன என்று நாளைக் காலையில் கணக்காளரிடம் கேளுங்கள். இருந்தால், அந்த வாரமே தீர்த்துவிடுங்கள். அவர்கள் வந்து கேட்கும் வரை காத்திருக்காதீர்கள்.